கேள்வி–பதில்: சோலார் தகடும் கித்தா விதையும்

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபக் கூரையில் சென்ற மாதம் சோலார் தகடுகளைப் பொருத்தினார்கள். இறக்கி வைத்த பெட்டிகள் அத்தனையிலும் சீனாவின் பெயரே இருந்தது. இதைக் கண்டுபிடித்தது அமெரிக்கா என்றல்லவா பள்ளியில் படித்தோம்? முதலில் தொடங்கியவர்கள் பின்தங்கியது எப்படி? (பாடாங் செராய் வாசகர்)

பதில்: தாங்கள் படித்தது சரியே. 1954-இல் நியூ ஜெர்சியின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான சிலிக்கான் சூரிய மின்கலம், தன்மேல் விழுந்த வெயிலில் நூற்றுக்கு 6 பங்கை மட்டுமே மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் தகடு 20 பங்கைத் தாண்டிவிட்டது. பிள்ளையைப் பெற்ற அமெரிக்கா, வளர்ப்பதில் மட்டும் ஆட்சிக்கு ஆட்சி மனம் மாறியது. 1979-இல் அதிபர் கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் சூரிய வெந்நீர்த் தகடுகளைப் பொருத்தினார். 1986-இல், ரீகன் காலத்தில், கூரையைப் பழுதுபார்க்கக் கழற்றியவர்கள் அவற்றைத் திரும்ப மாட்டவில்லை. 2022-இல் பைடன் ஆட்சி தூய எரிசக்திக்குக் கொண்டுவந்த பெரும் வரிச்சலுகைகளில் பலவற்றை 2025 ஜூலையில் டிரம்ப் ஆட்சி வெட்டியதும் அதே கதைதான்.

இடையில் ஜப்பான் 1974-இலேயே அரசுத் திட்டம் வகுத்து இறங்கியது. ஜெர்மனி 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், வீட்டுக் கூரையில் விளையும் மின்சாரத்துக்கு 20 ஆண்டுகள் மாறாத விலை தருவதாக உறுதியளித்துச் சந்தையையே உருவாக்கிக் கொடுத்தது. அந்தச் சந்தைக்குச் சரக்கு அனுப்பத்தான் சீனா ஆலைகளைக் கட்டியது. தொடக்கத்தில் அந்த ஆலைகளுக்கு இயந்திரம் விற்றவர்களிலும் ஜெர்மானியர்கள் இருந்தார்கள் என்பது வேடிக்கை. சிட்னியில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய ஷி ஜெங்ரோங் 2001-இல் வூஷி நகரில் தொடங்கிய சன்டெக் நிறுவனம், நான்கே ஆண்டுகளில் நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறியது. அதன் சீனப் பிரிவு 2013-இல் திவாலானது. ஆயினும் அதைச் சுற்றி வளர்ந்த கண்ணாடி, தகட்டின் விளிம்புச் சட்டம், சிலிக்கான் வில்லை ஆகிய துணைத் தொழில்களும் கைதேர்ந்த தொழிலாளர்களும் எங்கும் போய்விடவில்லை. தகடு தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவிகிதத்துக்கு மேல் சீனாவின் கையில் இருப்பதாகப் பன்னாட்டு எரிசக்தி முகமை 2022-இல் தெரிவித்தது. வங்கிக் கடனும் மலிவான நிலக்கரி மின்சாரமும் இதற்குத் துணைநின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்த முறை மண்டபக் கூரைக்கு ஏற ஏணி கிடைத்தால் தகட்டை அருகிலிருந்து பாருங்கள். கண்ணாடிக்கு அடியில் தலைமுடி போன்ற வெள்ளிக் கோடுகள் ஓடும். அவை அசல் வெள்ளி. கோட்டை ஒரு மயிரிழை மெலிதாக்கினாலும் கோடிக்கணக்கான தகடுகளில் எவ்வளவு வெள்ளி மிச்சமாகும் என்று கணக்கிடுங்கள். இப்படிப்பட்ட சிறு சிக்கனங்களை ஆண்டுக்கணக்கில் சலிக்காமல் செய்தவர்களிடமே இந்தப் போட்டியின் முதலிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நமக்கு இது புதிய கதையன்று. 1876-இல் பிரேசிலிலிருந்து விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் கொண்டுபோன கித்தா (ரப்பர்) விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, மறு ஆண்டே சிங்கப்பூர் வந்தன. நாற்பது ஆண்டுகளுக்குள் ஆசியத் தோட்டங்கள் பிரேசிலை முந்திவிட்டன. மரம் அவர்களுடையது, முதலீடு வெள்ளைக்காரனுடையது, விடியற்காலையில் நெற்றி விளக்கோடு பால் வெட்டப் போனது நம் பாட்டிமார்.

கேள்வி: தகட்டில் முந்த முடியாவிட்டாலும் வேறு எதிலாவது மலேசியா முந்த வழியுண்டா? (லூனாஸ் வாசகி)

பதில்: அரிய மண் தனிமங்களில் ஓரளவு உண்டு. காற்றாலைக்கும் மின்சாரக் காருக்கும் வேண்டிய வலுவான காந்தங்கள் இவற்றால் ஆனவை. 2025 ஏப்ரலில் சீனா இவற்றில் ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும், குவாந்தான் அருகே கெபெங்கில் இருக்கும் லைனஸ் ஆலையின் மேல் உலகின் பார்வை திரும்பியது. ஆனால் ஆலை ஆஸ்திரேலிய நிறுவனத்துடையது, தாதுவும் அங்கிருந்தே வருகிறது. கதிரியக்கமுள்ள தோரியம் கலந்த கழிவு மட்டும் இங்கே தங்குகிறது. சுத்திகரிப்போடு நின்றுவிடாமல் காந்தம் வரை இங்கேயே செய்தால்தான் இதை முந்துவது என்று நான் ஒப்புக்கொள்வேன்.

கேள்வி: என் மகன் வேலை பார்த்த தகடு ஆலையில் ஆட்குறைப்பு செய்துவிட்டார்கள். அமெரிக்க வரிதான் காரணமாம். அவர்களுக்குச் சண்டை சீனாவோடு. அடி எங்கள் பிள்ளைக்கா? (கூலிம் வாசகி)

பதில்: அம்மா, தங்கள் கோபம் நியாயமானது. 2012-இல் அமெரிக்கா சீனத் தகடுகளுக்குத் தண்ட வரி போட்டது. அதற்குப் பிறகு சீன நிறுவனங்கள் மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா ஆகிய நாடுகளில் ஆலைகளை நிறுவி இங்கிருந்து அனுப்பின. 2025-இல் அந்த நான்கு நாடுகளுக்கும் வரி வந்தது: கம்போடியாவின் சில நிறுவனங்களுக்கு 3,521 சதவிகிதம்; மலேசிய ஆலைகள் பலவற்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 42 சதவிகிதம் வரை, சிலவற்றுக்கு அதற்கும் மேல். இது சிலிக்கான் படிகத் தகடுகளுக்கு மட்டுமான வரி. தங்கள் ஊரிலேயே 2008 முதல் இயங்கும் அமெரிக்க நிறுவனமான ஃபர்ஸ்ட் சோலார், காட்மியம் டெலுரைடு என்ற வேறு பொருளில் மெல்லிய படலத் தகடு செய்வதால், இந்த வரி அதன் தகடுகளைத் தொடாது. ஆகவே எந்த ஆலை, எந்த வகைத் தகடு என்பதைப் பொறுத்தே பிள்ளைகளின் வேலை நிற்கிறது. இந்தத் துறையிலேயே மறுபடியும் வேலை தேடுவதானால், தங்கள் மகன் நேர்காணலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அதற்கு முன்னர் ஒரு வேலை இருக்கிறது. ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்களுக்குத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில் உதவித்தொகை உண்டு. சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும், வேலை போன நாளிலிருந்து 60 நாள்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். பணிநீக்கக் கடிதத்தில் உள்ள தேதியை இன்றே பார்க்கச் சொல்லுங்கள்.