ஒவ்வொன்றாக வகுக்க வேண்டியதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

32 பிட் கணினிகளைப் பற்றிப் படிக்கும்போது 2³², அதாவது 4294967296 என்ற எண் வந்தது. அதோடு ஒன்று கூட்டினால் பகா எண்ணாக இருக்குமோ என்று 3, 7, 11, 13 என வகுத்துக்கொண்டே போய் 100-ஐத் தாண்டியதும் விட்டுவிட்டேன். 641-ஆல் வகுபடும் என்று பிறகு தெரிந்தது. கணினி இல்லாத காலத்தில் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒவ்வொன்றாக வகுத்தா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. 193-க்குக் கீழே எந்த எண்ணாலும் நீங்கள் வகுத்திருக்கவே வேண்டாம்!

2¹, 2², 2⁴, 2⁸, 2¹⁶ என அடுக்கை இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசை கிடைக்கும், அதில் அடுத்து வருவது உங்கள் 4294967297. முதல் ஐந்தும் பகா எண்கள், அதனால் இந்த வரிசை முழுக்கவே அப்படித்தான் இருக்கும் என்று 1640 வாக்கில் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லர் 641-ஐக் காட்டி அதை உடைத்தார். அவர் பிறகு எழுதிய விளக்கம்தான் எனக்கு எண்ணைவிடப் பிடித்தது, ஏனென்றால் அதில் உள்ள கருவி ஃபெர்மாவுடையதே.

நம் எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் வகுத்தால் 2³² தரும் மீதி −1 (அதாவது வகுபட ஒன்று குறைகிறது), ஆகவே 2⁶⁴ தரும் மீதி 1. 2-இன் அடுக்குகளில் மீதி 1 முதன்முதலாக வருவது இந்த 64-ஆவது அடுக்கில்தான், அப்புறம் 64-இன் மடங்குகளில் மட்டுமே திரும்ப வரும். ஃபெர்மாவின் சிறு தேற்றமோ, காரணியைவிட ஒன்று குறைந்த அடுக்கில் மீதி 1 வந்தே தீரும் என்கிறது. அப்படியானால் காரணியில் ஒன்றைக் கழித்தால் அது 64-ஆல் வகுபட வேண்டும். அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவது முயற்சியிலேயே விடை!

வகுத்தலே இல்லாமலும் பார்த்துவிடலாம். 641 என்பது 5×2⁷+1, அதே 641 தான் 5⁴+2⁴-உம். முதல் வடிவின்படி 5×2⁷-இன் மீதி −1, அதன் நான்காம் அடுக்கான 5⁴×2²⁸-இன் மீதி 1. இரண்டாவது வடிவின்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். போட்டால் −2³²-இன் மீதி 1, அதாவது 2³²+1 மீதியில்லாமல் வகுபடுகிறது. எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

2³²-இலிருந்து ஒன்றைக் கழித்து 4294967295-ஐயும் பாருங்கள். அது 3×5×17×257×65537, மேலே சொன்ன அதே ஐந்து எண்களின் பெருக்கல். கணிதவியலாளர் காஸ் கண்ட விதிப்படி (பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையானால், அது இந்த வரிசையில் உள்ள ஒரு பகா எண்ணாகவோ வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலாகவோ இருக்க வேண்டும்), அளவுகோலும் காம்பஸும் மட்டும் கொண்டு வரையக்கூடிய ஒழுங்குப் பலகோணங்களில், பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ளவற்றுள் இன்றுவரை தெரிந்த மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள். ஆறாவதாக ஒரு ஃபெர்மா பகா எண், அதாவது இந்த வரிசையில் இன்னொரு பகா எண், இதுவரை யாருக்கும் அகப்படவில்லை.

சரி, 641-ஆல் வகுத்தால் கிடைக்கும் 6700417 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும், காரணி இருந்தால் அதுவும் அதே வடிவில்தான் இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் இனி பார்க்க வேண்டியவை 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஏழுதான். இந்த முறை பாதியில் விடாமல் வகுத்துப் பாருங்கள்.