கணையத்தைப் பற்றிப் படிக்க நீட் ஒன்றுதான் வழியா? கொழிஞ்சாம்பாறை அப்பா ஒருவருக்கு

அண்ணா, சனிக்கிழமை கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டீர்கள்: "டாக்டருக்குப் படிக்காம கணையத்தைப் பத்திப் படிச்சு என்னங்க பண்றது?" வெளியே ஆள் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டேன். இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

உங்கள் மகள் கொண்டு வந்த நோட்டைப் பார்த்தேன். தம்பிக்குத் தினமும் இன்சுலின் ஊசி போட்டுவிடுகிற பிள்ளை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் கருவில் எப்படி உருவாகிறது என்று கேட்கிறாள். இது ஆராய்ச்சிக்காரர்களின் கேள்வி. எம்.பி.பி.எஸ். படிப்பில் இது ஒரு சின்னப் பகுதியாக வந்து போய்விடும்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நம் மூலத்தறை தடுப்பணையில் வந்து சேர்கிற தண்ணீர் ஒன்றுதான். எந்த மதகை எப்போது, எவ்வளவு திறக்கிறார்கள் என்பதில்தான் எந்த வயலில் நெல் விளையும் என்பது இருக்கிறது. உடம்பிலும் அப்படித்தான். எல்லா செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. அதிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுக்கப்பட்டு, அதைப் படித்துப் புரதம் உருவாகிறது. கரு உண்டான ஐந்தாவது வாரத்துக்குள் முன்குடலிலிருந்து இரண்டு மொட்டுகள் கிளம்பி, அப்புறம் ஒன்றாகச் சேர்ந்து கணையமாகின்றன. அங்கே எந்த நகல் வேலை செய்யலாம், எது அடங்கியிருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்பவற்றில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிற குட்டி ஆர்.என்.ஏ. துண்டுகளும் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 22 எழுத்து நீளம்தான். இவற்றைச் செதுக்கும் டைசர் என்ற நொதியை எலிக்கருவின் கணைய செல்களில் இல்லாமல் செய்து பார்த்தார்கள். கணையம் ஒழுங்காக வளரவில்லை, பீட்டா செல்கள் வெகுவாகக் குறைந்தன. மிர்-375 என்ற ஒரே ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை மட்டும் நீக்கிய எலிகளிலும் பீட்டா செல் குறைந்து, சர்க்கரை ஏறியது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்த ஆம்ப்ரோஸ், ருவ்கன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆய்வகத்தில் பீட்டா செல் வளர்க்க முயல்பவர்கள் கருவின் இந்தப் படிகளைத்தான் பின்பற்றுகிறார்கள்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இவள் படித்து முடித்ததும் தம்பியின் ஊசி நின்றுவிடும் என்று நம்பி அனுப்பாதீர்கள். அந்தப் பாரத்தை ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது.

சரி, வழி என்ன? ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் விதுரையில் ஒன்று இருக்கிறது. ஐசரில் சேர எழுதும் ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வில் உயிரியலோடு கணிதம், இயற்பியல், வேதியியலும் வரும். கணிதத்தை இப்போதே விட்டுவிட வேண்டாம். இடம் கிடைக்காவிட்டால் சித்தூர் அரசுக் கல்லூரி மாதிரி பக்கத்தில் ஒரு பி.எஸ்சி. சேர்ந்து, அப்புறம் ஜாம் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி.க்குப் போகலாம். அதுவும் நல்ல வழிதான். 'பயோடெக்' என்று பலகை மாட்டி லட்சக்கணக்கில் கேட்கிற இடங்களில் மட்டும் ஆய்வகத்தை நேரில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

அதற்குப் பிறகு பி.எச்டி., இன்னும் ஐந்தாறு வருடம். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் இடம் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும், வீட்டிலிருந்து அனுப்ப வேண்டியிருக்காது. ஆனால் நிலையான வேலை கிடைக்க முப்பது வயது தாண்டலாம். கல்யாணப் பேச்சு வரும்போது இதை நினைவில் வையுங்கள் அண்ணா.

எனக்கு உண்மையில் கவலை தருவது மொழி. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள். நீட்டைத் தமிழில் எழுதலாம்; ஐசரில் வகுப்பு முழுக்க ஆங்கிலம். நம் பக்கத்துப் பிள்ளைகள் முதல் செமஸ்டரில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இன்றிலிருந்து தினம் ஒரு பக்கம் ஆங்கில உயிரியல் புத்தகத்தைச் சத்தமாக வாசித்து, அதையே உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

நீட்டும் எழுதட்டும், தடுக்க வேண்டாம். வரும் ஞாயிறு பிளஸ் ஒன் மார்க் லிஸ்டோடு இருவரும் வாருங்கள். அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். இரண்டு மொட்டுகளும் ஒட்டுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள். அதைப் பற்றி அவளிடம் பேச வேண்டும்.