ஜிஎல்-5 என்றால் ஜிஎல்-4ஐவிட உசத்தியா? பழைய ஸ்போர்ட்ஸ் கார் கேள்வி-பதில்

கேள்வி: என்னுடையது 1972 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், ஓவர்டிரைவ் (வேகமாக ஓடும்போது இன்ஜின் சுழற்சியைக் குறைக்க கியர்பாக்ஸின் பின்னால் இருக்கும் கூடுதல் கியர்) உண்டு. கியர்பாக்ஸுக்கும் 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில்தான் என்கிறது கையேடு. கடைக்காரரோ, "அது அந்தக் காலம், ஜிஎல்-5 முழு சிந்தெடிக்தான் மேல்" என்று மூன்று மடங்கு விலை சொல்கிறார். வாங்கலாமா? (ஹாரோ)

பதில்: வாங்காதீர்கள். கையேடு சொல்வதுதான் சரி.

"5 பெரிய எண், அதனால் 4ஐவிட உசத்தி" என்ற இந்தப் பேச்சு எனக்குத் தீராத எரிச்சல். கியர் ஆயில் டின்னில் இருக்கும் ஜிஎல் எண் தரவரிசை அல்ல, எந்த வேலைக்கான ஆயில் என்பதைச் சொல்லும் எண். ஜிஎல்-5 பின் அச்சின் ஹைப்பாய்டு பல்சக்கரங்களுக்கானது. அங்கே பற்கள் பெரும் பளுவோடு ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். அதைத் தாங்குவதற்காகக் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானத்தை ஜிஎல்-4இல் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு போடுகிறார்கள்.

கியர்பாக்ஸுக்குள் கதை வேறு. கியர் மாற உதவும் சிங்க்ரோ வளையம் செம்புக் கலவை. வீரியமான கந்தகம் சூட்டில் அதை அரிக்கும். அரிக்காத ஜிஎல்-5 ஆயில்களும் இன்று உண்டு. தரவுத்தாளில் செம்புப் பட்டைச் சோதனை, அதாவது ஏஎஸ்டிஎம் டி130, 1ஏ அல்லது 1பி என்று இருந்தால் அரிப்புப் பயம் குறைவு. ஆனாலும் வழுக்கல் பிரச்சினை தீராது. கியர் விழும் நொடியில் அந்த வளையம் எஃகுக் கூம்பின் மேலுள்ள ஆயில் படலத்தை அறுத்துக்கொண்டு பிடித்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்க வேண்டும். ஆயில் அளவுக்குமேல் வழுக்கினால் பிடிப்பு வராது, பல் கர்ரென்று அரைக்கும்.

ஓவர்டிரைவுக்கு இன்னும் ஆபத்து. உங்கள் காரில் கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. அதே ஆயிலைத்தான் உள்ளே ஒரு பம்ப் அழுத்தி, கூம்பு கிளட்சைத் தள்ளுகிறது. அந்தக் கிளட்சின் லைனிங்கும் அதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகிறது, ஆயில் அளவுக்குமேல் வழுக்கினால் கிளட்சும் வழுக்கும்.

"இன்ஜின் ஆயில் தண்ணியாச்சே" என்று கடைக்காரர் சொல்வார். இன்ஜின் ஆயிலுக்கும் கியர் ஆயிலுக்கும் எண் அளவுகோல் வேறு. கியர் ஆயில் டின்னில் இருக்கும் 90 என்ற எண், கெட்டித்தன்மையில் இன்ஜின் ஆயிலின் 40, 50 அளவுக்குத்தான் வரும். டின்னில் "ஜிஎல்-4/ஜிஎல்-5" என்று இரண்டையும் அச்சடித்திருந்தால் ஜிஎல்-5 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு கராஜில் என் எம்ஜிபி-க்கு கியர்பாக்ஸ் ஆயில் மாற்றினேன். அதிலிருந்து மேட்டில் ஓவர்டிரைவ் போட்டால் இன்ஜின் சுழற்சி மட்டும் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை. "ஓவர்டிரைவையே பிரித்துக் கட்ட வேண்டும்" என்று பெரிய தொகை கேட்கிறார்கள். (லெஸ்டர்)

பதில்: பணம் கொடுக்காதீர்கள். நன்றாக ஓடிய வண்டியைக் கொடுத்தது நீங்கள், தவறு உங்களுடையதல்ல. மின் கோளாறு என்றால் பெரும்பாலும் ஓவர்டிரைவ் விழவே விழாது. விழுந்த பிறகு சுழற்சி மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம்.

முதலில் ஆயில் மட்டம் பார்க்கும் அளவுகோலை (டிப்ஸ்டிக்) உருவிப் பாருங்கள், ஆயில் குறைவாக ஊற்றியிருந்தாலும் இப்படி ஆகும். அளவு சரியென்றால் கொஞ்சம் ஆயிலைச் சுத்தமான கண்ணாடிக் குப்பியில் பிடித்து, தேதி எழுதி வையுங்கள். மோந்து பாருங்கள். மூக்கைத் துளைக்கும் கந்தக நாற்றம் அடித்தால் ஊற்றியது கியர் ஆயில். பில்லில் ஆயிலின் பெயர் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.

பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் கூடுதல் காசு வாங்காமல் திரும்பச் செய்யச் சொல்லலாம். அது முடியாவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். பில் 100 பவுண்டுக்கு மேல் இருந்து கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு வங்கியிடமும் கேட்கலாம்.

திரும்பச் செய்வது இப்படி இருக்கட்டும்: வடித்து, ஓவர்டிரைவ் வடிகட்டியைக் கழுவி, 20டபிள்யூ-50 ஊற்றி, ஐம்பது மைல் ஓட்டி, மறுபடி வடித்துப் புது ஆயில். ஒரே தடவையில் பழையது முழுக்க வெளியே வராது. அதற்குப் பிறகும் வழுக்கினால்தான் பிரிப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

கேள்வி: ஜாகுவார் ஈ-டைப் வாங்கியிருக்கிறேன். கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில்?

பதில்: எந்த வருடத்து வண்டி? எந்த இன்ஜின்? அதைச் சொல்லாமல் ஆயில் கேட்காதீர்கள். 1961 முதல் 1964 வரை வந்த 3.8 லிட்டர் இன்ஜின் வண்டியில் இருப்பது மாஸ் கியர்பாக்ஸ், அதற்கு எஸ்ஏஇ 30 இன்ஜின் ஆயில். பிறகு வந்த 4.2 லிட்டர் வண்டியின் கியர்பாக்ஸுக்கு 90 கியர் ஆயில், ஜிஎல்-4.

கேள்வி: டிரையம்ப் டிஆர்6 காரின் கியர்பாக்ஸில் பழைய ஆயிலை வடித்துவிட்டேன். இப்போது நிரப்பும் நட்டு அசைய மறுக்கிறது.

பதில்: நிரப்பும் நட்டைத் திறந்த பிறகுதான் வடிக்கும் நட்டில் கை வைக்க வேண்டும். இதை எத்தனை தடவை எழுதுவது? வண்டியை நகர்த்தாதீர்கள். துருநீக்கி அடித்து ஒரு இரவு விடுங்கள். நட்டின் தலையை முழுதாகப் பிடிக்கும் சாக்கெட்டால் திருப்புங்கள். முனை உருண்டுவிட்டால் காருக்குள்ளிருந்து டனல் உறையை (இருக்கைகளுக்கு நடுவே கியர்பாக்ஸை மூடியிருக்கும் மேடு) எடுத்து, கியர்பாக்ஸின் மேல்மூடியைக் கழற்றி, அளந்து ஊற்றலாம். ஓவர்டிரைவ் இல்லாத பெட்டிக்கு 1.13 லிட்டர், இருந்தால் 2 லிட்டர். பக்கவாட்டில் நிரப்புவதற்கு மலிவு பிளாஸ்டிக் பம்ப் வேண்டாம். நான் வாங்கியது 90 ஆயிலின் கெட்டிக்குத் தாங்கவில்லை.

கேள்வி: கியர் சத்தம் குறைய டியூபில் விற்கும் சேர்மானம் ஊற்றலாமா?

பதில்: கூடாது. ஓவர்டிரைவ் இருந்தால் கண்டிப்பாகக் கூடாது.

கேள்வி: எம்ஜிபி ஆயிலை நானே மாற்ற நினைக்கிறேன். 1970 வண்டி, ஓவர்டிரைவ் உண்டு. எவ்வளவு வாங்க வேண்டும்?

பதில்: 3.4 லிட்டர் பிடிக்கும் (ஓவர்டிரைவ் இல்லாவிட்டால் 3), ஐந்து லிட்டர் டின் வாங்குங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்றி, நான்கு பக்கமும் ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.

நிரப்பும் வாய் காருக்குள் இருக்கிறது. டனல் கம்பளத்தை விலக்கினால் ஒரு ரப்பர் மூடி, அதற்கடியில் அளவுகோல். அதை உருவி வைத்துவிட்டு வடியுங்கள். வடிந்த ஆயிலில் தங்கப்பொடி போல மின்னினால் பயமில்லை, அது சிங்க்ரோவின் இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் எஃகுச் சில்லுகள் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஓவர்டிரைவின் அடித்தட்டைக் கழற்றி வலை வடிகட்டியைக் கழுவுங்கள், புது கேஸ்கெட் போடுங்கள். உறை அலுமினியம், முறுக்கித் தள்ளினால் மரை போய்விடும்.

நீளக் குழாய் மாட்டிய புனலில் மெதுவாக ஊற்றுங்கள், அவசரப்பட்டால் ஆயில் கம்பளத்தில் வழியும். சில மைல் ஓவர்டிரைவ் போட்டு ஓட்டிய பின் மறுபடி அளவு பாருங்கள். ஓவர்டிரைவ் தன் பங்கை உறிஞ்சியிருக்கும், குறைந்ததை ஊற்றுங்கள்.

கேள்வி: பழைய மினி கூப்பருக்கு எந்த கியர் ஆயில் வாங்க வேண்டும்?

பதில்: எதுவும் வேண்டாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே தொட்டி ஆயிலில் ஓடுகின்றன, இன்ஜின் ஆயிலை மாற்றினாலே போதும்.