வாக்ஸ் 11/782: இரண்டாவது புராசஸர் ஏன் சும்மா நின்றது?

இரண்டு புராசஸர் இருந்தும் கோப்பு வேலைகளில் டி.இ.சி (DEC) நிறுவனத்தின் வாக்ஸ் 11/782 கணினி ஏன் வேகம் கூடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதன் இயக்க முறைமையான வி.எம்.எஸ் வேலையைப் பிரித்த விதம்தான் காரணம். 1982-ல் வந்த அந்த இயந்திரத்தில் நினைவகம் பொது, ஆனால் புராசஸர்கள் சமமானவை அல்ல. வட்டு, டேப், டெர்மினல் எல்லாம் முதலாவதன் பொறுப்பு. இரண்டாவதில் கர்னல் நிரல், அதாவது இயக்க முறைமையின் மையப் பகுதி, ஓடாது. அங்கே ஓடும் புரோகிராம் வட்டிலிருந்து ஏதாவது படிக்கக் கேட்டாலே முதலாவதிடம் வந்து வரிசையில் நிற்க வேண்டியதுதான். மணிக்கணக்கில் கணக்கு மட்டும் போடும் ஃபோர்ட்ரான் புரோகிராம் என்றால் சரி, நல்ல பலன் கிடைக்கும். மற்றதற்கு, என்னைக் கேட்டால், வீண் செலவு.

1984-ல் வந்த சீக்வென்ட் பேலன்ஸ் 8000 என்ற பல புராசஸர் கணினியையும் பாருங்கள். அதன் இயக்க முறைமையான டைனிக்ஸ், எந்தப் புராசஸரிலும் கர்னலை ஓடவிட்டது. வி.எம்.எஸ் அந்த இடத்துக்கு வர 1988 ஆனது, 5.0 பதிப்பில்.