இயற்கைப் பேரழிவுகளைக் கடவுளின் நியாயத்தீர்ப்பு என்று கிறிஸ்தவர்கள் சொல்லலாமா?

சொல்லக்கூடாது என்பதுதான் என் பதில். ஆனால் கடவுளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று கைகழுவவும் என்னால் முடியாது. நோவா காலத்து வெள்ளமும் சோதோமும் எகிப்தின் வாதைகளும் வேதாகமத்தில்தானே இருக்கின்றன.

நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தது, 7.0 அளவில், செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். மறுநாளே அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரசங்கியார் பாட் ராபர்ட்சன், அந்த நாட்டு மக்கள் முன்னொரு காலத்தில் பிசாசோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள், அதனால்தான் சாபத்துக்கு மேல் சாபம் என்கிற ரீதியில் பேசினார். நான் அதை அப்படியே எங்கள் வேதபாடக் குழுவில் எடுத்துவிட்டேன், ரொம்பத் தெரிந்தவன் மாதிரி. யாரும் மறுத்துப் பேசவில்லை. குழுவில் ஒரு அக்கா இருந்தார், சிவில் இன்ஜினியர், அவரும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்து, பிப்ரவரி 27 அன்று, சிலியில் 8.8. வெளிப்பட்ட சக்தியைக் கணக்குப் போட்டால் ஹைட்டியைவிட ஏறத்தாழ 500 மடங்கு. செத்தவர்களோ ஐந்நூறு சொச்சம் பேர். அந்த வாரம் குழுவில் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, கம்பி ஒழுங்கா கட்டின வீட்டைப் பார்த்ததும் கடவுள் கோபத்தைக் குறைச்சுக்கிட்டாரா?"

எனக்குப் பதில் இல்லை. சிலி 1960இல் 9.5 அளவில் அடி வாங்கிய நாடு, கட்டட விதிகளை இறுக்கி வைத்திருந்தது. ஹைட்டியின் தலைநகரில் ஏழைகள் சரியான கம்பி இல்லாமல் கட்டிய கான்கிரீட் வீடுகள் மேலே விழுந்தன. இதைத் தீர்ப்பு என்று சொன்னால், நீதிபதி ஏழைகளுக்குத்தான் அதிக தண்டனை கொடுக்கிறார் என்று ஆகிவிடும், ஏழைகள் பக்கம் நிற்கிறவர் என்று தீர்க்கதரிசிகள் பக்கம் பக்கமாகச் சொன்ன அதே கடவுள்.

புயலும் இப்படித்தான். 1970இல் இன்றைய வங்கதேசத்தில் போலா புயல் குறைந்தது மூன்று லட்சம் பேரைக் கொன்றது. 2020இல் அதே கரையில் ஆம்பன் வீசியபோது அங்கே சாவு நூறைக்கூடத் தொடவில்லை, ஏனென்றால் முன்கூட்டியே எச்சரித்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பத்திரமான இடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஐம்பது வருஷத்தில் அங்கே பாவம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள் இல்லையா?

சரி, இயேசு என்ன சொன்னார்? லூக்கா 13இல் இது நேராகவே வருகிறது. ரோம ஆளுநர் பிலாத்து கொன்ற கலிலேயர்களைப் பற்றிச் சிலர் வந்து சொல்கிறார்கள். அவரோ சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரையும் தானாகவே இழுத்து, அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்கிறார். பலர் இந்த 'இல்லை'யோடு நிறுத்திவிடுகிறார்கள், அது நியாயமில்லை. மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். ஆகவே அங்கே நியாயத்தீர்ப்பு என்ற பேச்சே இல்லை என்று நான் சொல்லவில்லை. செத்தவனைக் காட்டிய விரலை மடக்கி, காட்டியவன் பக்கம் திருப்பிவிடுகிறார், அவ்வளவுதான். உடனே அடுத்து வருவது கனி கொடுக்காத அத்திமரத்துக்கு இன்னும் ஒரு வருஷம் அவகாசம் கேட்கும் கதை.

"அப்போ நோவா?" என்பீர்கள். நோவாவுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது. சோதோமைப் பற்றி ஆபிரகாமுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது, ஐம்பது நீதிமான்கள் இருந்தால் ஊரை விட்டுவிடுவீரா என்று ஆரம்பித்து அவர் பத்து வரை பேரம் பேசினார். நினிவேக்கு நாற்பது நாள் கெடு, மக்கள் மனந்திரும்பினார்கள், ஊர் தப்பியது, கோபித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அந்த எச்சரிக்கையைச் சொன்ன தீர்க்கதரிசி யோனா மட்டுமே. இன்றைக்குத் தீர்ப்பு வாசிக்கிறவர்களோ சாவு எண்ணிக்கை வந்த பிறகு வருகிறார்கள். ஆபிரகாம் மாதிரி யாருக்காகவும் மன்றாடியதாகவும் தெரியவில்லை.

இன்னொன்று, இவர்கள் கண்டுபிடிக்கிற பாவம் எப்போதும் அடுத்தவனுடையதாகவே இருக்கும். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள், ஆலயங்களில் ஆராதனை நடக்கிற நேரத்தில் போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன் குலுங்கியது. நடுக்கம், பிறகு கடல், பிறகு நாள்கணக்கில் நெருப்பு. மலக்ரிதா என்ற இயேசு சபைக் குரு அந்த ஊர்க்காரர்களின் பாவம்தான் காரணம், இயற்கை என்று சொல்வதே தப்பு என்று எழுதினார். இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி எழுதும்போது, மாற்றுக் கொள்கைக்காரர்களைத் தண்டித்த கத்தோலிக்க விசாரணை மன்றம் சிந்திய இரத்தத்தைச் சுட்டினார். நிலநடுக்கம் ஒன்றுதான், ஆளுக்கொரு தீர்ப்பு. மெலித்தா தீவில் பவுலின் கையில் விரியன் பாம்பு தொங்கியதும் இவன் கொலைகாரன் என்று சொன்ன ஜனங்கள், அவர் சாகவில்லை என்றதும் இவன் தேவன் என்றார்களே, அந்த ஞாபகம்தான் எனக்கு வரும்.

உத்தமன் என்று வேதாகமமே சொல்கிற யோபுவின் பிள்ளைகள் பெருங்காற்றில் வீடு இடிந்துதான் செத்தார்கள். நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் நல்லவர்கள். அப்புறம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் கடவுளின் கோபம் மூண்டது அந்த விளக்கம் சொன்னவர்கள் மேல்.

அந்த ஜனவரியில் எங்கள் குழு ஹைட்டிக்காக ஒரு உறை சுற்றுக்கு விட்டது. என் கைக்கு வந்ததும் அப்படியே பக்கத்தில் தள்ளிவிட்டேன், ஆண்டவர் தண்டித்தவர்களுக்கு நான் ஏன் கொடுக்கவேண்டும் என்ற நினைப்பில். பக்கத்தில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டவர் அந்த அக்காதான்.