தாடை நழுவும் ஸ்க்ரூ ஸ்பேனர்: ஏற்காட்டு நண்பருக்கு

வணக்கம். எஸ்டேட் மோட்டார் ஷெட்டில் மழைக்காலம் முழுக்கக் கிடந்த 10 இஞ்ச் ஸ்க்ரூ ஸ்பேனர், துரு எடுத்தபிறகும் இறுக்கும்போது வாய் விரிகிறது, வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெல்டிங் வேண்டவே வேண்டாம். சூடுபட்டால் இரும்பின் பதம் போய்விடும். பற்றவைத்த இடத்தை ஒட்டி உடைந்து, முழு பலத்தோடு இழுக்கும் கையை நட்டிலோ பம்பிலோ அடித்துவிடும்.

முதலில் வாயை முழுக்க மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். உள்பக்கம் ஒட்டி, நுனியில் மட்டும் இடைவெளி தெரிந்தால் நகரும் தாடையோ அது ஓடும் காடியோ (பள்ளமோ) விரிந்துவிட்டது. கைப்பிடியில் பைப் மாட்டி இழுத்தால் இப்படித்தான் ஆகும். அதைச் சரிசெய்ய முடியாது, மாற்றிவிடுங்கள்.

இடைவெளி இல்லையென்றால் கழற்றிப் பாருங்கள். மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறட்டும். விரலால் திருகும் உருளையின் பக்கவாட்டு ஸ்க்ரூவைக் கழற்றும்போது துணியால் மூடிக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் தெறித்து ஓடும். உருளை வந்ததும் தாடை தானாக நழுவி வரும். அடிப்பக்கப் பற்களை வயர் பிரஷ்ஷால் தேயுங்கள். பல்லிடுக்கில் துரு கெட்டியாக இருந்தால் உருளை முழு ஆழத்துக்குப் பொருந்தாது; கோளாறு இதுவாகவும் இருக்கலாம். பிசிறை ஊசி அரத்தால் லேசாக எடுக்கலாம், பல்லின் உயரத்தைக் குறைக்கக் கூடாது. பல் உடைந்திருந்தால் சேலம் பழைய இரும்புக் கடைகளில் அதே கம்பெனி, அதே சைஸ் தேடி தாடையையும் உருளையையும் ஜோடியாக எடுங்கள்.

மாட்டும்போது மெஷின் ஆயில் இரண்டு சொட்டு போதும், கிரீஸ் மண்ணை இழுக்கும். இழுவிசை, கைப்பிடியோடு ஒன்றாக இருக்கும் நிலையான தாடைமேல் விழும்படி பிடித்து இழுங்கள்.