வேன் இழுக்குமா? கூரை ஒழுகுமா? சின்ன டிராவல் டிரெய்லர் பற்றிக் கேள்வி-பதில்

(டிராவல் டிரெய்லர் என்பது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு. அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள்)

கேள்வி: எங்களிடம் டொயோட்டா சியன்னா வேன் இருக்கிறது. குடும்பத்தில் நாலு பேர். 17 அடி டிரெய்லர் ஒன்றைப் பார்த்தோம், எடை 2,900 பவுண்டாம். "உங்க வேன் 3,500 பவுண்டு இழுக்கும், தாராளமா எடுத்துக்கலாம்" என்கிறார் விற்பவர். எடுக்கலாமா? (நியூ ஜெர்சி)

பதில்: அவர் சொன்ன இரண்டு எண்களும் உண்மைதான். கணக்குதான் தப்பு. 2,900 என்பது காலி டிரெய்லரின் எடை. பெரும்பாலும் அதில் பேட்டரி, கேஸ், தண்ணீர் எதுவும் சேராது. 20 கேலன் தண்ணீர் மட்டுமே 167 பவுண்டு. நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஒன்று சுமார் 37, பேட்டரி 50. அதற்கு மேல் பாத்திரம், படுக்கை, நாற்காலி, அரிசி, பருப்பு என்று 350 பவுண்டு சேர்ந்துவிடும். கூட்டினால் 3,500ஐத் தொட்டாயிற்று, ஏசியைக் கணக்கில் சேர்க்காமலே.

அதைவிட முக்கியமான எண் வேனிலேயே இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். மாடலுக்கு மாடல் மாறும், ஆகவே உங்கள் வண்டியில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு 1,150 என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரின் மூக்கு, வேனின் பின்னால் அதை மாட்டும் ஹிட்ச் மேல் அழுத்தும் எடை, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 3,500க்குக் குறைந்தது 350. ஹிட்ச்சும் அதில் டிரெய்லர் உட்காரும் பந்தும் 50, நாலு பேர் 550. மிச்சம் 200 பவுண்டு. இரண்டு பெட்டியும் ஒரு கூலரும் வைத்தால் தீர்ந்தது. மூக்கு எடையைக் குறைக்கலாம் என்று சாமானை டிரெய்லரின் பின்பக்கம் ஏற்றிவிடாதீர்கள். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், வேனையும் சேர்த்து ஆட்டும்.

சியன்னா, ஒடிசி போன்ற வேன்களுக்கு, காலி எடையைப் பார்க்காமல் டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஜி.வி.டபிள்யூ.ஆர். (GVWR) எண்ணைப் பாருங்கள். முழுச் சுமையோடு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை அது. 2,800க்குள் இருந்தால் மேலே பேசலாம். மின்சார பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் வேனில் அதை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரும் 7 முனை மின் இணைப்பும் போட வேண்டியிருக்கும். பிரேக் எந்த எடைக்குமேல் கட்டாயம் என்பது கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டு, டெக்சாஸில் 4,500 என்று மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சட்டம் கேட்காவிட்டாலும் போடுங்கள். வாங்கிய பிறகு முதல் பயணத்திலேயே, சாமான் ஏற்றிய கையோடு, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் (CAT Scale) எடைமேடையில் நிறுத்தி எடை போட்டுவிடுங்கள். பெரிய செலவில்லை.

கேள்வி: 2015 மாடல் டிரெய்லர் ஒன்று விலைக்கு வருகிறது. உள்ளே பார்க்கப் புதுசு மாதிரி இருக்கிறது. எதைச் சோதிப்பது? (டல்லாஸ்)

பதில்: தண்ணீரை. பழைய டிரெய்லரைக் கொல்வது சக்கரமோ மின்சாரமோ அல்ல, கூரை இடுக்கில் இறங்கும் மழைத்தண்ணீர். உள்ளே மரச்சட்டம், வெளியே மெல்லிய தகடு அல்லது ஃபைபர் பலகை. ஈரம் இறங்கினால் சட்டம் உளுத்துப்போகும், வெளியே எதுவும் தெரியாது.

முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். கதவைத் திறந்ததும் முதலில் மூக்கை நம்புங்கள். ஈரச் சாக்கு வாடை அடித்தால், அல்லது ரூம் ஸ்ப்ரே வாடை தூக்கலாக அடித்தால், சந்தேகப்படுங்கள். மேல் அலமாரிகளைத் திறந்து, கூரையும் சுவரும் சேரும் மூலையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். பிஸ்கட் மாதிரி அமுங்கினால் அங்கே மரம் போய்விட்டது. ஜன்னலின் கீழ்மூலை, கதவை ஒட்டிய தரை, கட்டிலுக்கு அடியில் முன்சுவர், இந்த மூன்றும் வழக்கமான இடங்கள். ஊசி வைத்த ஈரமானி 30, 40 டாலருக்குக் கிடைக்கும். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் விலை பேசாதீர்கள், கிளம்புங்கள். வெளியே வந்து சுவரைச் சாய்வாகப் பாருங்கள். உப்பலோ அலையோ தெரிந்தால் பலகை பசைவிட்டுப் பிரிந்திருக்கிறது. அதைச் சரிசெய்யும் செலவு வண்டி விலையைத் தொடும்.

பிறகு கூரை. ரப்பர் கூரையில் வென்ட் (காற்றுத்துளை), ஏசி, ஆன்டெனா ஓரங்களில் தானே பரவிப் படியும் லேப் சீலன்ட் என்ற அடைப்புப் பசை போட்டிருக்க வேண்டும். யாராவது குளியலறை சிலிக்கோனை அப்பியிருந்தால் அது கெட்ட சகுனம். சிலிக்கோன் மேல் வேறு எந்தச் சீலன்ட்டும் ஒட்டாது, முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகுதான் மறுவேலை. வாங்கிய பின் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் துடைத்துவிட்டு மேலேயே ஒரு கோடு போடலாம். இந்தப் பராமரிப்பு இல்லாமல் வந்த ஒழுகலைப் பெரும்பாலான வாரன்டிகள் ஏற்பதில்லை.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் மினசோட்டாவின் பேக்கஸ் ஊரில் செய்யும் ஸ்காம்ப் போன்ற வார்ப்பு ஃபைபர்கிளாஸ் டிரெய்லர்களைத் தேடுங்கள். மேல் ஓடு, கீழ் ஓடு இரண்டையும் முட்டை மாதிரிச் சேர்த்திருப்பார்கள், கூரை ஓரத்தில் தையலே கிடையாது. ஜன்னலும் வென்ட்டும் மட்டும்தான் கவலை. பழசானாலும் விலை இறங்காது, அது வாங்குபவருக்குத்தான் வருத்தம்.

கேள்வி: வீட்டில் டிரெய்லரைச் செருக 30 ஆம்ப் அவுட்லெட் போட எலக்ட்ரீஷியனை அழைத்திருக்கிறோம். எதையாவது குறிப்பாகச் சொல்ல வேண்டுமா? (ஹூஸ்டன்)

பதில்: ஒரே ஒரு எண்: 120 வோல்ட். டிரெய்லரின் 30 ஆம்ப் பிளக் பார்வைக்குப் பழைய துணி உலர்த்தியின் பிளக் போலவே இருக்கும். ஆனால் அந்த உலர்த்தியின் பிளக் 240 வோல்ட். பழக்கதோஷத்தில் 240ஐக் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. செருகிய நொடியில் கன்வெர்ட்டர் (வெளி மின்சாரத்தை பேட்டரிக்கேற்ற 12 வோல்ட்டாக மாற்றுவது), மைக்ரோவேவ், ஏசி போர்டு எல்லாம் போகும். அவுட்லெட்டின் பெயர் டிடி-30 (TT-30) என்று எழுதிக் கொடுங்கள். ஒற்றைத் துருவ 30 ஆம்ப் பிரேக்கர், 10 கேஜ் செம்புக் கம்பி. வேலை முடிந்ததும் மல்டிமீட்டரைச் சாய்வான இரண்டு துளைகளில் வைத்து 120 காட்டுகிறதா என்று பார்த்த பிறகே செருகுங்கள்.

கேள்வி: மின் இணைப்பு இல்லாத கேம்ப்கிரவுண்டில் ரைஸ் குக்கரும் மிக்ஸியும் பேட்டரியில் ஓடுமா? (அட்லான்டா)

பதில்: இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் சுவர்ப் பிளக்கில் மின்சாரமே வராது, பேட்டரி விளக்குக்கும் பம்புக்கும் மட்டும்தான். இன்வெர்ட்டர் போட்டாலும், 700 வாட் குக்கர் 12 வோல்ட்டில் 60 ஆம்புக்கு மேல் இழுக்கும். அரை மணி நேரத்தில் 30 ஆம்ப்-அவர் (பேட்டரி கொள்ளளவின் அலகு) காலி. டிரெய்லரோடு வரும் லெட் ஆசிட் பேட்டரி சுமார் 80 ஆம்ப்-அவர், அதில் பாதியைத்தான் பழுதில்லாமல் எடுக்க முடியும். இவ்வளவு வேகமாக இழுத்தால் வோல்டேஜ் சரிந்து, சோறு வேகுமுன் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடும். 100 ஆம்ப்-அவர் லித்தியம் என்றால் தாங்கும். ஆனால் ஒரு 100 வாட் சோலார் தகடு நல்ல வெயிலில் ஒரு நாள் முழுக்கத் தருவதும் அந்த 30தான்.

ரைஸ் குக்கரை மறந்துவிட்டு, கேஸ் அடுப்பில் விசில் வைக்கும் பிரஷர் குக்கரைக் கொண்டுபோங்கள். 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4,30,000 பி.டி.யூ. வெப்பம் இருக்கிறது. 7,000 பி.டி.யூ. அடுப்பில் 20 நிமிடம் என்றால் 150 தடவைக்கு மேல் சோறு வடிக்கலாம். சமைக்கும்போது கூரை வென்ட்டும் ஒரு ஜன்னலும் திறந்திருக்கட்டும். குளிருக்கு அடுப்பை எரியவிட்டுத் தூங்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு கொல்லும்.

மிக்ஸிக்கு, பியூர் சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும்) 1,500 வாட் இன்வெர்ட்டர் வேண்டும். 550 வாட் மிக்ஸி கிளம்பும் நொடியில் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். ஐந்து நிமிடச் சட்னிக்கு 4, 5 ஆம்ப்-அவர்தான் செலவு. கேபிள் விரல் பருமனில் இருக்கட்டும், ஃபியூஸ் பேட்டரி முனைக்குச் சில அங்குலத்துக்குள். லித்தியத்துக்கு மாறினால் பழைய கன்வெர்ட்டர் 14.4 வோல்ட் தருமா என்று பாருங்கள், இல்லாவிட்டால் முழுக்க நிரம்பாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றவும் கூடாது. இட்லி மாவைப் பொங்கும் பருவத்தில் எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். நெடுஞ்சாலைக் குலுக்கலில் மூடி தெறித்தால் ஃப்ரிட்ஜ் கழுவவே ஒரு நாள் ஆகும்.

கேள்வி: குளிர்காலத்துக்கு டிரெய்லரை நாங்களே தயார்செய்ய முடியுமா? டீலர் 200 டாலர் கேட்கிறார். (மிஷிகன்)

பதில்: முடியும். குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் இருக்க, டிரெய்லர் போன்ற வண்டிகளுக்கான இளஞ்சிவப்பு ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸ் (உறையாத திரவம்) இரண்டு கேலன் போதும். கார் ரேடியேட்டரில் ஊற்றுவதைத் தொடவே கூடாது, அது விஷம்.

எல்லாத் தொட்டிகளையும் காலிசெய்யுங்கள். வாட்டர் ஹீட்டர் ஆறியபின் அழுத்த வால்வைத் தூக்கிவிட்டுக் கீழ் அடைப்பைக் கழற்றுங்கள். அடைப்போடு நீளமான உலோகக் கம்பி வந்தால் அது துருவைத் தான் வாங்கிக்கொள்ளும் ஆனோடு. முக்கால்வாசி கரைந்திருந்தால் புதுசு போடுங்கள். அடுத்து, ஹீட்டருக்குள் திரவம் போகாமல் தடுக்கும் பைபாஸ் வால்வைத் திருப்புங்கள். இதை மறந்தால் 6 கேலன் ஹீட்டர் உங்கள் ஆன்டிஃப்ரீஸ் முழுவதையும் குடித்துவிடும். பம்பின் உறிஞ்சு குழாயைக் கேனில் விட்டு, குழாய்களை ஒவ்வொன்றாக, சூடு தனி, குளிர் தனியாக, சிவப்பு வரும்வரை திறங்கள். வெளி ஷவரைத்தான் எல்லோரும் மறப்பார்கள், வசந்தத்தில் வெடித்திருப்பதும் அதுதான். சிங்க், ஷவர் வடிகாலில் ஒவ்வொரு கப் ஊற்றுங்கள். தண்ணீர் கலக்காதீர்கள்.

வசந்தத்தில் கழுவிவிட்டு, 15 கேலனுக்குக் கால் கப் வீட்டு பிளீச் கலந்து நாலு மணி நேரம் குழாயில் நிற்கவிட்டு அலசுங்கள். ஹீட்டரில் தண்ணீர் நிரம்புமுன் மின் ஸ்விட்சைத் தட்டினால் எலிமென்ட் கருகிவிடும்.

கேள்வி: டயரில் தேய்மானமே இல்லை. ஆனாலும் மாற்றச் சொல்கிறார்கள். ஏமாற்றா? (சிகாகோ)

பதில்: டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) எழுத்துகளை அடுத்து வரும் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட நின்ற இடத்தில் ரப்பர் காய்ந்து சாவதுதான் அதிகம். ஐந்து, ஆறு வருடத்தில் மாற்றிவிடுங்கள். டிரெய்லருக்கென்றே செய்த எஸ்.டி. (ST) வகை டயரே வாங்குங்கள், வேக வரம்பைக் கேட்டு வாங்குங்கள். பலவற்றுக்கு மணிக்கு 65 மைல்தான். மாற்றியபின் சக்கர நட்டுகளை 10, 25, 50 மைல் ஓடியதும் டார்க் ரெஞ்சு (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) வைத்து மறுபடி இறுக்க வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லாமல் விட்டிருப்பார்.